வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு இரவு வரை: நண்பருடன் ஒரு கிரேக்கத் தீவு

மூனிக்கில் வேலை செய்யும் நீங்களும் டப்ளினில் இருக்கும் உங்கள் கல்லூரி நண்பரும் செப்டம்பர் மாதத்தின் கடைசி வார இறுதியைக் கிரேக்கத் தீவொன்றில் கழிக்க நினைக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு மேல் ஏதென்ஸ் விமான நிலையத்தில் சந்திப்பு, ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணி வாக்கில் அவரவர் ஊருக்கு விமானம். இதற்குள் சாண்டோரினிக்குப் போய்வர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே சில விவரங்களையும் எழுதியிருக்கிறீர்கள்: நண்பருக்குப் படகு ஏறினாலே தலை சுற்றும், நீச்சல் தெரியாது, சைவ உணவு மட்டுமே சாப்பிடுவார், உங்களுக்குப் பழைய கோயில்களைப் பார்க்க வேண்டும், அவருக்குக் கடலோரத்தில் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இவ்வளவையும் சேர்த்துப் படித்தால், கேள்வி சாண்டோரினியைத் தாண்டிப் போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கையில் இருப்பது இரண்டு இரவும் இரண்டு பகலும். அவற்றைத் துறைமுக வரிசையில் கரைத்துவிடாமலும், ஞாயிறு விமானத்தைத் தவறவிடுவோமோ என்ற பதற்றம் இல்லாமலும், இருவருக்கும் பிடித்ததைச் செய்ய எந்தத் தீவு இடம் தரும் என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள். நான் கப்பல் பொறியாளர். பல ஆண்டுகள் கடலில் இருந்த பிறகு, இப்போது ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் ஒரு கப்பல் நிர்வாக அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஆகவே படகு, காற்று, நேரம் ஆகியவை பற்றி நான் சொல்வதை நீங்கள் உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். அழகு, ருசி போன்றவற்றில் சொல்வது என் விருப்பம் மட்டுமே.

முதலில் சாண்டோரினி. பிரேயஸிலிருந்து அது ஏறத்தாழ 130 கடல் மைல் தொலைவில் இருக்கிறது. வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் பெரிய கப்பலில் சுமார் 8 மணி நேரம், அதிவேகக் கப்பலில் சுமார் 5 மணி நேரம் ஆகும். திரும்பும் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பிற்பகலில் கிளம்பி நள்ளிரவை ஒட்டித்தான் பிரேயஸ் வந்து சேர்கின்றன. ஞாயிறு இரவு 9 மணி விமானத்துக்கு அவை உதவா. அதிவேகக் கப்பலில் போய்த் திரும்பினால், தீவில் உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு நாள், கடலில் கழிவது 10 மணி நேரம். அதுவும் படகு ஒத்துக்கொள்ளாத நண்பரோடு. விமானத்தில் போனால் பறக்கும் நேரம் 50 நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு நாளில் ஆளுக்கு நான்கு விமானம் ஏறி இறங்க வேண்டும், அவற்றில் ஒன்று தாமதமானாலும் அடுத்தது கேள்விக்குறியாகும். சாண்டோரினி நிறைவான நான்கு நாட்களுக்குத் தகுதியான இடம். சுமார் 3600 ஆண்டுகளுக்கு முன் நடந்த பேரெரிமலை வெடிப்பில் சாம்பலுக்குள் புதைந்து, அதனாலேயே அழியாமல் நின்ற அக்ரோத்திரி என்ற ஊர் அங்கே இருக்கிறது. அதை அரை மணி நேரத்தில் ஓடிப் பார்ப்பது எனக்கு வருத்தமாக இருக்கும். 2025 ஜனவரி இறுதியிலிருந்து அங்கே தொடர்ந்து நிலம் அதிர்ந்து, ஆயிரக்கணக்கானோர் தீவை விட்டு வெளியேறியதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அந்தத் தொடர் பிறகு அடங்கிவிட்டது, மக்களும் திரும்பிவிட்டார்கள். நில அதிர்வை யாரும் நாள் குறித்துச் சொல்ல முடியாது என்பதால் அதைக் காரணம் காட்டி உங்களைத் தடுக்க மாட்டேன். தூரம் ஒன்றே போதுமான காரணம்.

தீவுகளைப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எல்லோரும் செய்வதுதான். குறுகிய பயணத்துக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது, திரும்பி வருவதற்கு ஒரு நாளில் எத்தனை படகுகள் இருக்கின்றன என்பதையும், காற்று எழுந்தால் அவற்றில் எவை நிற்கும் என்பதையும்தான். ஏஜியன் கடலில் கோடைக்காலம் முழுவதும் வடக்கிலிருந்து வீசும் காற்றை இங்கே மெல்தேமி என்கிறார்கள். வானம் துளி மேகமில்லாமல் நீலமாக இருக்கும், ஆனால் கடல் வெள்ளை நுரையாகப் பொங்கிக்கொண்டிருக்கும். வெயிலைப் பார்த்து ஏமாந்த பயணிகள் துறைமுகத்தில் நின்று ஏன் கப்பல் கிளம்பவில்லை என்று கேட்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். காற்றின் வலிமையைப் போஃபோர்ட் அளவில் குறிப்பிடுவார்கள்: 6 என்றால் மணிக்கு 22 முதல் 27 கடல் மைல், 8 என்றால் 34 முதல் 40. பொதுவாக 6-ஐத் தொட்டாலே ஹைட்ரோஃபாயில் போன்ற சிறு அதிவேகப் படகுகள் நிற்கத் தொடங்கும். பெரிய கப்பல்கள் 8 அல்லது 9 வரை தாக்குப்பிடிக்கும். தடையை விதிப்பது துறைமுகக் காவல் துறை, கப்பல் நிறுவனம் இல்லை. அதனால் பயணச்சீட்டு விற்கும் இடத்தில் வாதாடிப் பயனில்லை. இந்தக் கண்டிப்பை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். 2000 செப்டம்பர் 26 இரவு, பலத்த காற்றில், பாரோஸ் தீவின் வாசலில் இருக்கும் பாறையில் எக்ஸ்பிரஸ் சமீனா என்ற பயணிகள் கப்பல் மோதி மூழ்கியது. சுமார் 80 பேர் இறந்தார்கள். கரை விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நடந்த விபத்து அது.

செப்டம்பர் கடைசியில் மெல்தேமி பெரும்பாலும் தணிந்திருக்கும். கடல் நீரும் கோடையின் வெப்பத்தை இன்னும் விட்டிருக்காது, 23, 24 பாகை வாக்கில் இருக்கும். என் பார்வையில் ஆண்டின் மிகச் சிறந்த காலம் அதுதான். ஆனாலும் ஒரு குறிப்பிட்ட சனி, ஞாயிறில் காற்று எப்படி இருக்கும் என்பதை மூன்று நாட்களுக்கு முன்புதான் நம்பிக்கையோடு சொல்ல முடியும். பத்து நாள் முன்னறிவிப்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆகவே காற்று எப்படி இருந்தாலும் திரும்பி வரக்கூடிய இடத்தை இப்போதே தேர்ந்துகொள்வது நல்லது. அந்த இடம் சரோனிக் வளைகுடா. ஒரு பக்கம் ஏதென்ஸ் இருக்கும் அட்டிகா நிலப்பகுதியும் மறுபக்கம் பெலொப்பொனீஸ் தீபகற்பமும் காத்து நிற்பதால், திறந்த ஏஜியனில் எழும் அலையில் சிறு பங்குதான் உள்ளே வரும். ஏஜினா, அகிஸ்திரி, போரோஸ், ஹைட்ரா, ஸ்பெட்சஸ் எல்லாம் பிரேயஸிலிருந்து இந்த வழியில் வருபவை. இவற்றில் உங்கள் இருவருக்கும் நான் சொல்வது ஏஜினா.

ஹைட்ராவைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் தேடிப் பார்த்தால் அதைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். கார், மோட்டார் சைக்கிள் எதுவும் ஓடாத தீவு; சாமான்களைக் கோவேறு கழுதைகள் சுமக்கின்றன; துறைமுகத்தைச் சுற்றி அரைவட்டமாக எழும் கல் வீடுகள் 18, 19 ஆம் நூற்றாண்டுகளின் கப்பல் முதலாளிகள் கட்டியவை. 1821-இல் தொடங்கிய கிரேக்க விடுதலைப் போரில் கடற்படைக்குத் தலைமை தாங்கிய அந்திரேயாஸ் மியாவுலிஸ் அந்த ஊர்க்காரர். கடல் தொழிலில் இருப்பவனுக்கு அந்தத் தீவின் மேல் தனி மரியாதை உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் பிரேயஸிலிருந்து ஹைட்ராவுக்கு வாகனக் கப்பல் கிடையாது, பயணிகளுக்கான அதிவேகப் படகு மட்டுமே, அதில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் மூடிய அறைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். காற்று எழுந்தால் முதலில் நிற்பதும் அந்தப் படகுதான். எதிர்க்கரையில் உள்ள மெத்தோஹி என்ற படகுத்துறைக்குச் சிறு படகில் கடந்து, அங்கிருந்து சாலை வழியாக ஏதென்ஸ் திரும்ப ஒரு மாற்று வழி இருக்கிறது என்றாலும், ஞாயிறு மாலை விமானத்தை வைத்துக்கொண்டு அதை நம்பிப் போக நான் சொல்ல மாட்டேன். தவிர, அங்கே கடல் குளியல் பெரும்பாலும் பாறையிலிருந்து ஆழத்தில் இறங்குவது. நீச்சல் தெரியாதவருக்கு அது இன்பம் தராது.

ஏஜினாவுக்கு வாகனக் கப்பலில் ஒன்றேகால் மணி நேரம், ஹைட்ரோஃபாயிலில் 40 நிமிடம். இரண்டு வகையிலும் காலையிலிருந்து மாலை வரை பல படகுகள் ஓடுகின்றன. உங்கள் நண்பருக்காக, நேரம் கூடுதலானாலும் வாகனக் கப்பலையே எடுங்கள் என்பேன். காரணம் எளிது. உடல் அசைவதை உட்காது உணர்கிறது, மூடிய அறைக்குள் கண்ணுக்கு எல்லாம் அசையாமல் நிற்பதாகத் தெரிகிறது. இந்த முரண்பாட்டில்தான் தலைசுற்றலும் குமட்டலும் தொடங்குகின்றன. வாகனக் கப்பலில் திறந்த மேல்தளம் உண்டு. கப்பலின் நடுப்பகுதியில், பின்பக்கத்துக்குச் சற்று அருகே நின்று தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணும் காதும் ஒன்றுபட்டுவிடும். முன்முனையில் நிற்க வேண்டாம். அலையில் மிகுதியாக ஏறி இறங்கும் இடம் அதுதான். ஹைட்ரோஃபாயில் தண்ணீருக்கடியில் உள்ள இறக்கைகளின் மேல் உடலைத் தூக்கிக்கொண்டு ஓடும் படகு. அமைதியான கடலில் மென்மையாக வழுக்கிச் செல்லும், ஆனால் அலை கூடினால் சடசடவென்று நடுங்கும், வெளியே போய் நிற்கவும் இடமிருக்காது. கையில் திறன்பேசியை வைத்துப் படித்துக்கொண்டே பயணம் செய்ய வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லுங்கள். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. மாத்திரை போடுவதானால், படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, கிளம்புவதற்கு அரை மணி நேரமாவது முன்னால் போட வேண்டும். எந்த மாத்திரை என்பதை டப்ளினிலேயே மருந்துக்கடையில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், ஏனெனில் சில மாத்திரைகள் கடுமையாகத் தூக்கம் வரவைக்கும். அவருடைய வேறு மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்பதைச் சொல்ல நான் மருத்துவர் அல்லன்.

வெள்ளிக்கிழமை இரவே தீவுக்குப் போய்விட முயல வேண்டாம். கிரேக்க நேரம் ஜெர்மனியைவிட ஒரு மணி, அயர்லாந்தைவிட இரண்டு மணி முன்னால் இருப்பதால், மாலை விமானத்தில் வருபவர்கள் இறங்கும்போது ஏஜினாவுக்கான கடைசிப் படகு போய்விட்டிருக்கும். ஏதென்ஸ் நகர மையத்தில் தங்குவதைவிட, பிரேயஸில் துறைமுகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஓர் எளிய அறை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபரிலிருந்து மெட்ரோவின் 3 ஆம் வழித்தடம் விமான நிலையத்திலிருந்து நேராகப் பிரேயஸ் வரை வருகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். இரவு பதினொன்றரை வாக்கில் அது நின்றுவிடும். அதற்குப் பிறகு வந்தால் இரவு முழுவதும் ஓடும் எக்ஸ் 96 பேருந்து இருக்கிறது. நண்பர் டப்ளினிலிருந்து வருவதால் கடவுச்சீட்டுச் சோதனையைத் தாண்டி வர வேண்டும், நீங்கள் மூனிக்கிலிருந்து வருவதால் உங்களுக்கு அது இராது. இருவர் விமானமும் ஒரே நேரத்தில் இறங்கினாலும் அவருக்காக நீங்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். மெட்ரோவில் பணப்பையைப் பின்பாக்கெட்டில் வைக்காதீர்கள். அந்த வழித்தடத்தில் பெட்டியோடு வரும் புதியவர்களையே குறிவைத்துத் திரிபவர்கள் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை 7, 8 மணி வாக்கில் கிளம்பும் கப்பலில் ஏறிவிடுங்கள். ஏஜினா கப்பல்கள் வழக்கமாக இ8 (E8) என்று எழுதியிருக்கும் வாயிலிலிருந்து புறப்படும். ஆனாலும் பயணச்சீட்டில் உள்ள வாயிலைச் சரிபாருங்கள், ஏனெனில் இந்தத் துறைமுகம் மிகப் பெரியது, தவறான வாயிலுக்குப் போய்விட்டால் திரும்பி ஓடிவர நேரமிருக்காது. மேல்தளத்தில் வலப்பக்கம் நில்லுங்கள். துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் சிறிது தூரத்தில் ஒரு தட்டையான சிறு தீவு தெரியும்; அது ப்சித்தாலியா, இப்போது ஏதென்ஸ் நகரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பின்னால் நீண்டு கிடப்பது சலாமிஸ். கி.மு. 480-இல் பாரசீகப் பேரரசின் கப்பற்படையைக் கிரேக்கர்கள் முறியடித்த நீரிணை ப்சித்தாலியாவுக்குப் பின்னால், சலாமிஸுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே இருக்கிறது. அன்றைய போரில் மிகச் சிறப்பாகப் போரிட்டவர்கள் என்ற பெயர் நீங்கள் போய்க்கொண்டிருக்கும் ஏஜினாவின் மாலுமிகளுக்குத்தான் கிடைத்தது. அதற்கு முன்பே அவர்கள் கடல் வணிகத்தில் பெரும் செல்வம் சேர்த்தவர்கள். கடலாமை பொறித்த அவர்களுடைய வெள்ளிக் காசு கிரேக்க உலகின் மிகப் பழைய நாணயங்களில் ஒன்று. இன்று அதே நீரில் உலகெங்கிலுமிருந்து வந்த எண்ணெய்க் கப்பல்களும் சரக்குக் கப்பல்களும் நங்கூரமிட்டு நிற்பதைப் பார்ப்பீர்கள். அவற்றில் பலவற்றில் நம் ஊர்ப் பிள்ளைகள் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

இப்போது உங்கள் கோயில். ஏஜினாத் துறைமுகத்தில் இறங்கியதும் அருகிலேயே பேருந்து நிலையம் இருக்கிறது. அய்யா மரீனா செல்லும் பேருந்து தீவின் வடகிழக்கு மூலையில் பைன் மரங்கள் நிறைந்த குன்றின் மேல் உள்ள அஃபாயா கோயில் வழியாகப் போகும். கி.மு. 500-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட, டோரிக் எனப்படும் பழைய கிரேக்கக் கட்டடப் பாணியில் அமைந்த கோயில். ஏதென்ஸின் புகழ்பெற்ற பார்த்தினன் கோயிலைவிட அரை நூற்றாண்டு மூத்தது. வெளிச்சுற்றில் இருந்த 32 தூண்களில் பெரும்பாலானவை இன்னும் நிற்கின்றன. மற்ற எந்தத் தீவுக் கோயிலையும் விட்டுவிட்டு இதை உங்களுக்குச் சொல்வதற்குக் காரணம் நீங்கள் வாழும் ஊர். 1811-இல் ஆங்கிலேயர், ஜெர்மானியர் அடங்கிய ஒரு சிறு கட்டடக்கலைக் குழு இங்கே தோண்டியபோது, கோயிலின் இரு முகப்புகளிலிருந்தும் விழுந்து கிடந்த பளிங்குச் சிற்பங்கள் கிடைத்தன. அவை தீவை விட்டுக் கொண்டுபோகப்பட்டு ஏலத்துக்கு வந்தன. 1812-இல், மூனிக்கைத் தலைநகராகக் கொண்ட பவேரியாவின் இளவரசர் லுட்விக் அவற்றை வாங்கினார். அவை இன்று மூனிக்கின் கோனிக்ஸ்பிளாட்ஸில் உள்ள கிளிப்டோதெக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த லுட்விக்கின் மகன் ஓட்டோ பிறகு நவீன கிரேக்கத்தின் முதல் அரசரானார் என்பது கூடுதல் செய்தி.

ஆகவே பயணத்துக்கு முந்தைய வார இறுதியில் கிளிப்டோதெக் போய்வாருங்கள். மேற்கு முகப்பில் இருந்த, சாகக் கிடக்கும் வீரன், நெஞ்சில் தைத்த அம்பைப் பிடுங்கும் நிலையிலும் புன்னகைத்தபடி நம்மைப் பார்க்கிறான். பழைய பாணியில் முகம் என்றால் புன்னகை என்பது வழக்கம். கிழக்கு முகப்பில் இருந்த வீரனோ கேடயத்தின் மேல் சரிந்து, தலை தாழ்ந்து, தன் சாவுக்குள்ளேயே ஆழ்ந்திருக்கிறான். இரண்டுக்கும் இடையே உள்ள காலம் சில ஆண்டுகளோ, சில பத்தாண்டுகளோ என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்தச் சிறு இடைவெளியில் மனித உடலைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது என்பதை இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும் யாரும் உணர்வார்கள். அவை வெள்ளையாகச் செதுக்கி விடப்பட்டவையும் அல்ல. வண்ணம் பூசப்பட்டிருந்ததன் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இதையெல்லாம் அங்கே பார்த்துவிட்டு, அடுத்த வாரம் அவை நின்ற வெறும் முகப்பின் கீழே, கடலைப் பார்த்தபடி நிற்பது வேறு எந்தச் சுற்றுலாப் பயணிக்கும் எளிதில் கிடைக்காத வாய்ப்பு. இந்தக் கோயில் யாருடையது என்பதே நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. கிரேக்கக் கடவுள்களின் தலைவரான சீயஸின் கோயில் என்றே நினைத்திருந்தார்கள். 1901-இல் அகழாய்வு செய்த அடோல்ஃப் ஃபுர்ட்வெங்லர் கண்ட கல்வெட்டுத்தான் அஃபாயா என்ற உள்ளூர்ப் பெண் தெய்வத்தின் பெயரைத் தந்தது. அவரும் மூனிக்கின் கிளிப்டோதெக்கின் இயக்குநராக இருந்தவர்.

கோயிலில் உங்களிடம் யாராவது, அஃபாயாவும் ஏதென்ஸின் பார்த்தினனும் சூனியோன் முனையில் உள்ள, கடல் தெய்வமான பொசைடனின் கோயிலும் சேர்ந்து வானியல் கணக்கோடு வரையப்பட்ட ஒரு புனித முக்கோணம் என்று சொல்லக்கூடும். வரைபடத்தில் மூன்றையும் இணைத்தால் ஏறத்தாழ இருசமபக்க முக்கோணம் வருவது உண்மை. ஆனால் அப்படித் திட்டமிட்டுக் கட்டினார்கள் என்பதற்குப் பழைய சான்று எதுவும் இல்லை. அஃபாயாவைக் கட்டிய ஏஜினா அன்று ஏதென்ஸின் பகை நாடு, கி.மு. 431-இல் ஏதென்ஸ் அந்தத் தீவின் மக்கள் அனைவரையும் வெளியேற்றியது. பகைவர்கள் இருவர் பல பத்தாண்டு இடைவெளியில் ஒரே முக்கோணத்தை வரைந்தார்கள் என்பதை நான் நம்பவில்லை. வானம் தெளிவாக இருந்தால் கோயில் மேட்டிலிருந்து ஏதென்ஸ் நகரம் தெரியும். அது மட்டும் உறுதி.

கோயிலிலிருந்து கீழே இறங்கினால் அய்யா மரீனா. அது உங்கள் நண்பரின் இடம். மணற்கரை, வெகுதூரம் வரை இடுப்பளவு நீர், குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்குக் கிடைக்கும். இங்கேதான் இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. நீண்ட காலம் கழித்துச் சந்திக்கும் நண்பர்கள் எல்லா நேரமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று நினைத்து, ஒருவர் விருப்பத்துக்கு மற்றவர் முகம் சுளிக்காமல் நடந்து, ஞாயிறு காலைக்குள் இருவருமே களைத்துப்போவதைக் கப்பல் தோழர்களிடம் நிறையப் பார்த்திருக்கிறேன். நண்பர் நேராகக் கடற்கரைக்குப் போகட்டும், நீங்கள் கோயிலில் இறங்கி இரண்டு மணி நேரம் நிதானமாகப் பாருங்கள், மதியச் சாப்பாட்டுக்கு அய்யா மரீனாவில் சேர்ந்துகொள்ளுங்கள். அவரைக் கோயிலுக்கு இழுத்துச் செல்வதில் உங்களுக்கும் நிம்மதி இருக்காது. உங்களுக்கு இன்னும் ஆசை மிச்சமிருந்தால், அதே பேருந்து வழியில் புனித நெக்தாரியோஸ் மடத்துக்கு எதிரே பலேயோஹோரா என்ற கைவிடப்பட்ட பழைய ஊர் இருக்கிறது. கடற்கொள்ளையருக்கு அஞ்சி உள்ளே தள்ளிக் கட்டிய ஊர். 1537-இல் உதுமானியக் கடற்படைத் தலைவர் பார்பரோசா தீவைச் சூறையாடிய பிறகும் மக்கள் அங்கே வாழ்ந்து, 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் பாதுகாப்பானதும் இறங்கி வந்துவிட்டார்கள். வீடுகள் போய்விட்டன, முப்பதுக்கும் மேற்பட்ட சிறு தேவாலயங்கள் மட்டும் மலைச்சரிவில் நிற்கின்றன. கற்பாதை, நிழல் குறைவு. காலணியும் தண்ணீரும் இல்லாமல் ஏற வேண்டாம்.

இரவு தங்குவதற்கு ஏஜினா ஊரையே சொல்வேன், துறைமுகத்திலிருந்து நடக்கும் தூரத்தில். ஞாயிறு காலை பேருந்துக்குக் காத்திருக்கும் கவலை அதனால் குறையும். மாலை தெற்கே உள்ள பெர்திகா என்ற மீனவர் ஊருக்குப் போய்வரலாம். 9 கிலோமீட்டர்தான், பேருந்தோ டாக்சியோ கிடைக்கும். மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் ஓட்டுநர் உரிமத்தில் மோட்டார் சைக்கிள் பிரிவு இல்லாவிட்டால் விபத்தின்போது காப்பீடு கைகொடுக்காது, தீவுச் சாலைகளில் சரளை வழுக்கும். இரண்டு நாளுக்குப் பேருந்தும் காலும் போதும்.

சாப்பாட்டைப் பற்றி நண்பர் கவலைப்பட வேண்டியதில்லை. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஆண்டில் நிறைய நாட்கள் விரதம் இருப்பதால், இறைச்சியும் பாலும் முட்டையும் சேராத சமையல் இங்கே வளமாக வளர்ந்திருக்கிறது. ஃபாவா என்று கேட்டால் மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் சேர்த்துத் தருவார்கள். நம் பருப்புக் கடைசலுக்கு நெருங்கிய சொந்தம். தக்காளிச் சாற்றில் அடுப்பில் வாட்டிய பெரிய மொச்சை கிகாந்தெஸ், எலுமிச்சை பிழிந்த கீரை ஹோர்த்தா எல்லாம் எளிய உணவகங்களிலும் கிடைக்கும். இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். சோறு அடைத்த தக்காளியும் குடைமிளகாயும் சில கடைகளில் கொத்துக்கறியோடு வரும், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். விரத உணவு என்று எழுதியிருந்தாலும் அதில் கணவாயும் ஆக்டோபஸும் இறாலும் இருக்கலாம், ஏனெனில் இங்கே விரதத்துக்கு அவை விலக்கில்லை. ஆகவே இறைச்சியும் மீனும் கடலுணவும் வேண்டாம் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஏஜினாவின் பிஸ்தா நாடு முழுவதும் பெயர் பெற்றது, அறுவடை ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் நடப்பதால் நீங்கள் போகும்போது அந்த ஆண்டின் புதுப் பருப்பு கிடைக்கும். துறைமுகத்திலேயே விற்கிறார்கள்.

ஞாயிறு காலை, ஊரை ஒட்டிய கொலோனா மேட்டில் அப்பல்லோ கோயிலின் எஞ்சிய ஒற்றைத் தூணைப் பாருங்கள், அதன் கீழேயே குளிக்கவும் இடமுண்டு. 1828-இல் யொவானிஸ் கப்போதிஸ்திரியாஸ் விடுதலை பெற்ற கிரேக்கத்தின் முதல் ஆளுநராகப் பொறுப்பேற்றது இந்தச் சிறு ஊரில்தான். அடுத்த ஆண்டு தலைநகர் நாஃப்பிளியோவுக்குப் போகும் வரை நாட்டின் தலைமையிடம் இது. ஆனால் ஞாயிறன்று என் கண் முழுவதும் கடிகாரத்தின் மேல்தான் இருக்கும். விமானம் இரவு 9 மணிக்கு என்றால், நண்பருக்குக் கடவுச்சீட்டுச் சோதனை இருப்பதால் ஆறரைக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பிரேயஸிலிருந்து மெட்ரோவுக்கு ஒரு மணி நேரம், விமான நிலைய ரயில்கள் அரை மணிக்கு மேல் இடைவெளி விட்டே வருவதால் அதற்கும் சேர்த்து, 4 மணிக்கு முன் பிரேயஸில் கால் வைத்துவிட வேண்டும். அப்படியென்றால் ஏஜினாவிலிருந்து 2 மணி வாக்கில் கிளம்பும் கப்பலைப் பிடியுங்கள். அது ஏதோ காரணத்தால் நின்றாலும், அடுத்த படகோ ஹைட்ரோஃபாயிலோ உங்களைக் காப்பாற்றும். விமானத்துக்குச் சரியாகப் பொருந்தும் கடைசிப் படகில் ஒருபோதும் இடம் எடுக்காதீர்கள்; ஞாயிறு மாலைப் படகுகளில் ஏதென்ஸ்வாசிகள் கூட்டமாகத் திரும்புவார்கள் என்பதால் இடமும் கிடைக்காமல் போகலாம். நேர அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும், செப்டம்பர் கடைசியில் சில படகுகளைக் குறைக்கவும் கூடும், ஆகவே நான் சொன்ன நேரங்களை அளவுகோலாக மட்டும் வைத்துக்கொண்டு அந்த வார அட்டவணையைப் பாருங்கள். மாலுமிகள் வேலைநிறுத்தம் அறிவித்தால் எல்லாக் கப்பல்களும் ஒரே நாளில் நிற்கும்; அது பெரும்பாலும் சில நாட்களுக்கு முன்பே செய்தியில் வந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் மற்ற எல்லாவற்றையும்விட அதுவே உங்கள் பயணத்தைத் தடுக்கக்கூடியது. இருவரும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு ஜெர்மன் வதிவிட அனுமதி இருப்பதால் அந்த அட்டையும் கடவுச்சீட்டும் போதும், தனி விசா தேவையில்லை. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும், தங்களுக்குள் எல்லைச் சோதனை வைத்துக்கொள்ளாத நாடுகள் அடங்கிய ஷெங்கன் பகுதியில் இல்லை. ஆகவே ஐரிஷ் வதிவிட அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் நண்பர் கிரேக்கத்துக்குள் நுழைய முடியாது. அவர் கிரேக்கத்துக்கான ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும்; முடிவுக்கு வழக்கமாக 15 நாட்கள், சில வேளைகளில் 45 நாட்கள் வரை ஆகலாம். நேர்காணலுக்கு நாள் கிடைப்பதே கோடையில் கடினம். அவர் அந்த நாளை வாங்கும் வரை, திருப்பித் தராத விமானச் சீட்டையோ அறையையோ நீங்கள் இருவரும் எடுக்க வேண்டாம்.